“கெஸ்ட்ரைட்டிஸ்” என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டால்

கேட்டவர் வெள்ளவத்தையில் போர்டிங்கில் தங்கி வேலைக்குப் போகும் 27 வயதுப் பெண், மணமாகாதவர். அவர் எழுதியதன் சுருக்கம்:

“இரவு பத்து மணிபோல வலது அடிவயிற்றில் திடீரென்று நோ. இரண்டு தரம் சத்தி. தோழியோடு த்ரீவீலில் ஒரு தனியார் வைத்தியசாலைக்குப் போனேன். கலியாணம் முடித்தாயிற்றா என்று டொக்டர் கேட்டார், இல்லை என்றேன். வயிற்றை ஒருமுறை அமர்த்திப் பார்த்துவிட்டு, கெஸ்ட்ரைட்டிஸ் (இரைப்பை அழற்சி) என்று ஊசி போட்டு அனுப்பினார். நோ குறைந்தது, விடியப்புறம் திரும்ப வந்தது. மத்தியானம் வேறொரு இடத்தில் ஸ்கான் செய்து, சூலகம் முறுகியிருக்கிறது என்று சொல்லி, ஒப்பரேஷனில் எடுத்துவிட்டார்கள். நான் சொன்ன விதம் பிழையா? இனி இப்படி வந்தால் எப்படிக் கதைத்தால் கேட்பார்கள்? இதை எங்கே முறையிடலாம்?”

நீங்கள் சொன்ன விதத்தில் ஒரு பிழையும் இல்லை, தங்கச்சி. திடீரென்று தொடங்கிய நோ, ஒரு பக்கம், கூடவே சத்தி. இந்த மூன்றும் ஒரு இளம் பெண்ணிடம் சேர்ந்து வந்தால் சூலகத்தையும் நினைக்க வேண்டும் என்பது மருத்துவ மாணவர்களுக்கே சொல்லிக்கொடுக்கிற பாடம். நீங்கள் மூன்றையும் சொல்லியிருக்கிறீர்கள். அவற்றை யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

கொழும்பில் அரச வைத்தியசாலைகளின் பெண்கள் வாட்டுகளில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே திரும்பத் திரும்பக் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெண் எவ்வளவு சத்தமாகக் கத்துகிறாள், எவ்வளவு பொறுமையாக விளக்குகிறாள் என்பதெல்லாம் இரவு வேளையில் பெரிதாக எடுபடுவதில்லை. கத்தினால் “சும்மா பயப்படுகிறா” என்பார்கள், பொறுத்திருந்தால் “அவ்வளவு நோ இல்லைப்போல” என்பார்கள். சொன்னது டொக்டர் எழுதும் துண்டில் ஏறியதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. “வலது அடிவயிறு, திடீர் நோ, சத்தி இரண்டு தரம், இரவு 10 மணி” என்று ஒரு வரி எழுதப்பட்டிருந்தால், அதற்குக் கீழே “கெஸ்ட்ரைட்டிஸ்” என்று எழுத எந்த டொக்டருக்கும் கை கொஞ்சம் தயங்கும். எழுதினாலும், அடுத்ததாகப் பார்ப்பவர் கேள்வி கேட்பார். ஆகவே இனிமேல் உங்கள் வேலை டொக்டரை நம்பவைப்பது அல்ல, எழுதவைப்பது.

முதலில் உங்களுக்கு நடந்தது என்ன என்று பார்ப்போம். சூலகம் தன் காம்பில் ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுகிக்கொண்டால் இரத்தம் வெளியேறும் பாதை முதலில் அடைபடும், பிறகு உள்ளே வரும் பாதையும் அடைபடும். பெரும்பாலும் ஒரு கட்டி இருந்து, அதுவும் ஐந்து சென்ரிமீற்றருக்குக் கூடினால், முறுகும் ஆபத்து அதிகம். இதில் ஏமாற்றுகிற விஷயம், முறுக்கு இடையில் கொஞ்சம் தளரும், நோவும் குறையும். ஊசி போட்டதும் உங்களுக்குச் சுகமானது அந்த ஊசியாலா, முறுக்கு தளர்ந்ததாலா என்று யாராலும் சொல்ல முடியாது. “ஊசிக்குக் குறைந்துவிட்டதே, அப்போ கெஸ்ட்ரைட்டிஸ்தான்” என்ற முடிவுக்கு அது ஆதாரம் ஆகாது. டொப்ளர் ஸ்கானில் இரத்த ஓட்டம் தெரிந்தாலும்கூட முறுகல் இல்லை என்று சத்தியம் பண்ண முடியாது. கடைசியில் லப்பரஸ்கொப்பி செய்து, அதாவது வயிற்றில் சிறு துளை வழியாகக் கமரா விட்டு, கண்ணால் பார்த்தால்தான் உறுதி.

சில மணித்தியாலம் முந்தியிருந்தால் சூலகம் தப்பியிருக்குமா என்பதை இங்கிருந்து சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன். கறுத்துப்போய்த் தெரியும் சூலகத்தைக்கூட முறுக்கை அவிழ்த்துவிட்டு விட்டுவைப்பதுதான் இன்று இளம் பெண்களுக்கு விரும்பப்படும் முறை. ஆகவே ஒப்பரேஷன் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள், ஏன் எடுக்கவேண்டி வந்தது என்று அதில் இருக்க வேண்டும். மற்றச் சூலகம் நல்லபடி இருந்தால் மாதவிடாயும் வரும், பிள்ளையும் தங்கும். இதைச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பியிருந்தால், அது இன்னொரு குறை.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். “கலியாணம் முடித்தாயிற்றா?”

இந்தக் கேள்வியில் எனக்குத் தீராத கோபம் உண்டு. டொக்டர் அறிய வேண்டியது வேறு: கர்ப்பம் இருக்கச் சாத்தியம் உண்டா என்பது. அதை நேரே கேட்க அவருக்குக் கூச்சம். பக்கத்தில் தாய் நிற்பாள், தாதி நிற்பாள், திரைக்கு அப்பால் பத்துப் பேர் நிற்பார்கள். எனவே கலியாணத்தைக் கேட்டுவிட்டு, இல்லை என்றதும் கர்ப்பப் பரிசோதனையையும் பெண்நோயியலையும் சேர்த்தே ஓரம் கட்டிவிடுகிறார். மிச்சம் இருப்பது இரைப்பை மட்டும். மணமாகாத பெண் என்றால் கருப்பையும் சூலகமும் இல்லாதவள் மாதிரி ஒரு நடப்பு.

பிள்ளை பெறும் வயதில் உள்ள எந்தப் பெண்ணுக்கும் அடிவயிற்று நோவோ மயக்கமோ வந்தால் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும். மணமானவளா, துறவியா, எல்ஆர்டி (பிள்ளை பெறாதிருக்கக் குழாயை வெட்டிக் கட்டும் ஒப்பரேஷன்) செய்தவளா, கருப்பைக்குள் லூப் வைத்தவளா என்று பார்க்கத் தேவையில்லை. எல்ஆர்டியோ லூப்போ இருந்தும் கரு தங்கினால் அது கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கும் வாய்ப்பு உண்மையில் கூடுதல். இந்த வெளிக் கர்ப்பம் நூறு கர்ப்பங்களில் ஒன்று இரண்டு என்ற அளவில் வருவது, பெரும்பாலும் சூலகத்திலிருந்து கருப்பைக்குப் போகும் பலோப்பியன் குழாயில். ஆறு முதல் எட்டு வாரத்தில், “பீரியட் கொஞ்சம் பிந்தி வந்தது, கொஞ்சமாகத்தான் பட்டது” என்று நினைத்திருக்கும் நேரத்தில் குழாய் வெடிக்கக்கூடும். உள்ளே கசியும் இரத்தம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத்தைத் தொட்டால் நோ தோள்மூட்டில் தெரியும். வயிற்று நோவோடு தோளும் நோகிறது, எழும்பினால் கண் இருட்டுகிறது என்றால் காலை வரை பொறுக்கவே வேண்டாம்.

ஆகவே கேள்வி வராவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: “டொக்டர், யூரின் பிரெக்னன்சி டெஸ்ட் ஒண்டு செய்து பாருங்கோ.” காரணம் விளக்க வேண்டியதில்லை. அம்மா பக்கத்தில் நிற்கிறா என்றால் தாதியிடம் மெல்லச் சொல்லுங்கள், “மிஸ், பரிசோதிக்கேக்க அம்மாவை வெளியில நிக்கச் சொல்லுங்கோ” என்று. அனுபவமுள்ள தாதிக்கு அதற்குமேல் சொல்லத் தேவையில்லை. பரிசோதனையின் முடிவு உங்களுடையது, அதைக் கூட வந்தவருக்குச் சொல்லவேண்டிய கடமை வைத்தியசாலைக்கு இல்லை.

மணமாகாத பெண்களுக்கு உள் ஸ்கான் (யோனி வழியாகச் செய்வது) செய்யத் தயங்குவார்கள். நீங்களும் விரும்பாமல் இருக்கலாம், அது உங்கள் உரிமை. அதற்காக ஸ்கானே இல்லை என்று ஆகிவிடாது. சிறுநீர்ப்பை நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வயிற்றுக்கு மேலால் பார்க்கலாம். உள் பரிசோதனைக்குச் சம்மதிக்கும்போது பெண் தாதி ஒருவர் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். பெண் வைத்தியரைக் கேட்கும் வழக்கம் முஸ்லிம் பெண்களிடம் உண்டு, மற்றவர்களும் கேட்கலாம். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அவர் கிடைக்காவிட்டால் அதற்காகக் காத்திருந்து உயிரை விட வேண்டாம்.

இனி எப்படிக் கதைப்பது. வீட்டை விட்டு வெளிக்கிடுமுன் ஒரு கடுதாசியில், அல்லது போனில், இவ்வளவையும் எழுதுங்கள்: நோ தொடங்கிய நேரம், திடீரென்றா மெல்ல மெல்லவா, எந்தப் பக்கம், எத்தனை தரம் சத்தி, காய்ச்சல் உண்டா, கடைசி மாதவிடாய் தொடங்கிய திகதி. டொக்டர்கள் எல்.ஆர்.எம்.பி. என்று எழுதுவது அந்தத் திகதியைத்தான். இரத்தப்போக்கு என்றால் “நிறையப் போகுது” என்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை, எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். “ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பேட் முழுக்க நனையுது, இரண்டு மணித்தியாலமா இப்படித்தான்” என்று சொன்னால் அது அவசரம் என்று கேட்பவருக்கு உடனே விளங்கும். இடத்தைக் காட்டும்போது உள்ளங்கையால் வயிறு முழுவதையும் தடவாதீர்கள். ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். இரைப்பை நோ தொப்புளுக்கு மேலே, உங்களுடையது கீழே. “கெஸ்ட்ரைட்டிஸ் இருக்கா?” என்று கேட்டால் பழைய கதையை விரிக்க வேண்டாம். எங்கள் ஊரில் கெஸ்ட்ரைட்டிஸ் இல்லாதவர் யார்? “இருக்கு, ஆனா இது அது இல்ல, இது கீழ” என்பதோடு நிறுத்துங்கள்.

அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் மூன்று விஷயம் கேளுங்கள். பணிவாகவே கேட்கலாம். “டொக்டர், சூலகத்தில பிரச்சினை இல்லையெண்டு பார்த்திட்டீங்களா?” “பார்க்காட்டி, ஏன் தேவையில்லை எண்டதைத் துண்டில எழுதித் தாறீங்களா?” “என்ன நடந்தா நான் உடன திரும்பி வரவேணும்?” இரண்டாவது கேள்விதான் வேலை செய்யும். பார்க்கவில்லை என்று கையெழுத்தோடு எழுத யாருக்கும் பிரியம் இல்லை, எழுதுவதைவிட ஸ்கானுக்கு அனுப்புவது சுலபம் என்று ஆகிவிடும். தந்திரம்தான். தேவைப்படும் தந்திரம்.

நோவுக்கு மருந்து கேட்பதிலும் தயக்கம் வேண்டாம். நோவைக் குறைத்தால் நோய் மறைந்துவிடும் என்ற பழைய கதை இன்னும் சிலர் வாயில் இருக்கிறது. மருத்துவம் அதைக் கைவிட்டுக் கனகாலம். பெண்களின் நோவைப் பொறுக்கக்கூடியதாக எண்ணுவது எங்கள் நாட்டுப் பழக்கம் மட்டும் என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 2008இல் வெளியான ஆய்வொன்றில், வயிற்று நோவோடு அவசர பிரிவுக்கு வந்த ஆண்களுக்கு நோ மருந்து கிடைக்க நடுத்தரமாக 49 நிமிடமும், பெண்களுக்கு 65 நிமிடமும் ஆனது. இங்கிலாந்து அரசு பெண்கள் சுகாதாரத்துக்கான திட்டத்தை 2022இல் வெளியிடுமுன் மக்களிடம் கருத்துக் கேட்டது. பதில் எழுதியவர்களில் 84 சதவீதத்தினர் தங்கள் பேச்சு கேட்கப்படாத சந்தர்ப்பம் உண்டு என்றார்கள். அங்கேயே அப்படி.

டொக்டர்கள் பக்கமும் ஒரு வார்த்தை. இரவில் உங்களை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் இளையவர், முந்தின நாள் காலையிலிருந்து நின்றவராகவும் இருக்கலாம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள், மிச்சம் இருப்பவர்கள் தலையில் இரட்டைச் சுமை. இது காரணம், சாட்டு இல்லை. களைத்த மனிதர் முதலில் மனதில் வந்த நோயிலேயே நின்றுவிடுவார். அவரை அதிலிருந்து நகர்த்த ஒரு திட்டமான வரி போதும், அழுகை போதாது. நகராவிட்டால் அவருக்கு மேலே ஆள் உண்டு. அரச வாட்டில் ஹவுஸ் ஒஃபிசருக்கு மேல் எஸ்.எச்.ஓ. (சீனியர் ஹவுஸ் ஒஃபிசர்), அவருக்கு மேல் ரெஜிஸ்ட்ரார், எல்லோருக்கும் மேல் விஓஜி, அதாவது பெண்நோயியல் நிபுணர். “சீனியர் டொக்டர் ஒருவருக்கு ஒருக்கா சொல்லுவீங்களா?” என்று கேட்பது அவமரியாதை அல்ல. இரவு எந்த நேரமானாலும் மேலே கூப்பிடத்தான் அந்த அடுக்கே இருக்கிறது.

கொழும்பில் எங்கே போவது என்பதையும் யோசிக்க வேண்டும். தனியார் வைத்தியசாலை என்றால் கெதியாகப் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கை வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் பலருக்கு. பகலில் சரி. இரவில் அங்கே உங்களைப் பார்ப்பவர் பொதுவான ஒரு டொக்டர், பெண்நோயியல் நிபுணர் வீட்டில் இருப்பார். அவரை எழுப்ப வேண்டுமா என்பதை அந்த இளையவரே தீர்மானிப்பார். பகலில் அரச வைத்தியசாலையிலும் பின்னேரம் சனல் அறையிலும் இருக்கும் அதே விஓஜியின் வாட்டு, அரச பக்கத்தில் இரவிலும் திறந்திருக்கும். தியேட்டரும் இரத்த வங்கியும் கூடவே இருக்கும். பொரளைப் பக்கம் டி சொய்சாவும் (1879இல் தொடங்கியது) காசல் வீதியும் பெண்களுக்கென்றே உள்ளவை. உங்கள் பக்கத்துக்குக் களுபோவில அரச வைத்தியசாலை கிட்ட. அங்கே சத்திரசிகிச்சைப் பிரிவும் பெண்நோயியல் பிரிவும் ஒரே வளவில் இருப்பதால், அப்பெண்டிசைட்டிஸா சூலகமா என்று தெரியாத நோவுக்கு அதுவே தோது. மயக்கமோ கடும் இரத்தப்போக்கோ என்றால் த்ரீவீல் வேண்டாம், 1990ஐக் கூப்பிடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

வாட்டுக் கட்டில் உடைந்திருக்கும், கழிவறை நாறும், ஒரு கட்டிலில் இரண்டு பேர் இருக்கவும் கூடும். தெரியும். இரத்தம் போகும் இரவில் அதைப் பார்க்க வேண்டாம்.

மொழி விஷயம் சிறிது நீளும். கொட்டாஞ்சேனையிலிருந்தோ கிராண்ட்பாஸிலிருந்தோ வரும் பெண், மலைநாட்டிலிருந்து வீட்டு வேலைக்கு வந்த பெண், சிங்களத்தில் வயிறு நோகிறது என்பதோடு நின்றுவிடுவாள். மிச்சத்தைக் கணவனோ மகனோ சொல்வான். மகனுக்கு முன்னால் எந்தத் தாய் இரத்தக் கட்டியைப் பற்றிச் சொல்லுவாள்? அவன் “அம்மாவுக்குத் தலைச்சுற்று” என்பான், பிரஷர் பார்த்துக் குளிசை கொடுத்து அனுப்புவார்கள். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் சொல்லிவிட்டது, இரவு ஒரு மணிக்கு அந்தத் திருத்தம் வந்து மொழிபெயர்க்காது. ஆனால் கொழும்பு வைத்தியசாலைகளில் பெரும்பாலும் தமிழ் தெரிந்த தாதியோ ஊழியரோ பக்கத்து வாட்டிலாவது இருப்பார். பெண் ஒருவரைக் கூப்பிட்டுத் தரும்படி கேளுங்கள். அந்தக் கடுதாசி இங்கேயும் உதவும்: நேரம், திகதி, பேட் எண்ணிக்கை எல்லாம் இலக்கங்கள். எந்த மொழிக்காரருக்கும் விளங்கும்.

கூட ஒரு ஆள் போவது நல்லது. ஆண் கூட வந்தால் கூடுதலாகக் கேட்கிறார்கள் என்பது வெட்கக்கேடான உண்மை. ஆனால் உங்களுக்குப் பதிலாகக் கதைக்கும் ஆள் வேண்டாம், நேரத்தையும் யார் என்ன சொன்னார் என்பதையும் குறித்துவைக்கும் ஆள் வேண்டும்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை வாசிக்கும் வேறு யாருக்காவது வேண்டியிருக்கும். கருச்சிதைவுக்குப் பிறகு, அது தானாக நடந்ததோ குளிசை போட்டு நடந்ததோ, இரத்தப்போக்கு நிற்காவிட்டால், காய்ச்சல் வந்தால், நாற்றத்தோடு நீர் பட்டால் உடனே போங்கள். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆவது பிரிவு, தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. அந்தப் பயத்தில் வீட்டிலேயே கிடந்து கிருமி இரத்தத்தில் ஏறிச் செத்தவர்கள் உண்டு. சிகிச்சை இரண்டுக்கும் ஒன்றுதான், சிகிச்சை கொடுப்பது வைத்தியரின் கடமை. எப்படித் தொடங்கியது என்று சொல்ல மனம் வராவிட்டாலும் போங்கள்.

கடைசியாக முறைப்பாடு. செய்யலாம், செய்யவும் வேண்டும். முதல் கடிதம் அந்தத் தனியார் வைத்தியசாலையின் மருத்துவப் பணிப்பாளருக்கு. பதில் திருப்தி இல்லையென்றால் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உள்ள தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபைக்கு எழுதலாம். டொக்டரின் தொழில் நடத்தை பற்றியது என்றால் இலங்கை மருத்துவ சபை. அரச வைத்தியசாலையாக இருந்திருந்தால் பணிப்பாளரிடம் எழுதுவதோடு, 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் பதிவேடுகளையும் கேட்டிருக்கலாம்.

கடிதத்தில் கோபத்தைக் கொட்டாதீர்கள். எத்தனை மணிக்குப் போனீர்கள், என்ன சொன்னீர்கள், எத்தனை மணிக்கு அனுப்பினார்கள் என்று நேர ஒழுங்கில் ஒரு பக்கம். அதற்குக் கீழே மூன்று கேள்வி: கர்ப்பப் பரிசோதனை ஏன் செய்யவில்லை, ஸ்கானுக்கு ஏன் அனுப்பவில்லை, எப்போது திரும்பி வரவேண்டும் என்று ஏன் எழுதித் தரவில்லை. முதல் இரவின் பில், மருந்துத் துண்டு, இரண்டாவது இடத்தின் ஸ்கான் ரிப்போர்ட், டயக்னோசிஸ் கார்ட் எல்லாவற்றுக்கும் போட்டோக் கொப்பி இணையுங்கள். மூலத்தைக் கையை விட்டுக் கொடுக்க வேண்டாம். பதிவுத் தபாலில் போட்டுத் துண்டை வைத்திருங்கள். எடுத்த சூலகத்தைப் பயொப்சிக்கு அனுப்பியிருப்பார்கள், அந்த ரிப்போர்ட் வரச் சில வாரம் செல்லும். தேடிப் போய் வாங்காவிட்டால் அது அலுமாரியிலேயே கிடக்கும். அதை வாங்கி கிளினிக்கில் காட்டிவிட்டு, பிறகு கடிதத்தை அனுப்புங்கள்.